காணி காட்ட வான் அனுப்பினவங்கள், வெள்ளம் வந்தாப் பிறகு போன் எடுக்கேல்ல

முதல்லயே சொல்லிடுறன், இது காணி வாங்கி வீடு கட்டினவன்ட ரிவியூ இல்ல, அட்வான்ஸ் கட்டிட்டுத் தப்பி வந்தவன்ட ரிவியூ. கொம்பனி பேர் போடேல்ல, போட்டா வக்கீல் கடிதம் வரும் எண்டு மனிசிக்குப் பயம். திருகோணமலையில இப்ப நாலு போஸ்டுக்கு ஒரு போஸ்டில காணி விளம்பரம்தான் தொங்குது, அதால எந்தக் கொம்பனி எண்டு தேடாமல் எல்லாத்துக்குமே இதைப் பொருத்திப் பாருங்கோ.

நாங்கள் உவர்மலையில வாடகைக்கு இருக்கிறம். ரெண்டு பிள்ளை, வாடகை ஏறிக்கொண்டே போகுது, கனடாவில இருக்கிற மச்சான் பாதிக் காசு தாறன் எண்டு சொன்னவர், அதால போன வருசம் ஆவணியில பேஸ்புக்கில பாத்த நம்பருக்கு எடுத்தனான். மகாவலி கடலுக்கு வாற பக்கம், கங்கைப் பாலத்துக்குக் கிட்ட, மெயின் ரோட்டில இருந்து 400 மீற்றர் உள்ளுக்கு, 10 பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) துண்டுகள், ஒரு பேர்ச் ஒண்டு எண்பது, அதாவது ஒரு லட்சத்து எண்பதாயிரம். அந்த விலை டவுனுக்குள்ள மதில் கட்டவே காணாது. 2009ல கிண்ணியாப் பாலம் திறந்து, அதுக்குப் பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி எண்டு எல்லாத்துக்கும் பாலம் வந்தோண்ண அந்தப் பக்கக் காணி விலை ஏறத் தொடங்கினது. முந்தி பாதை (ஆத்தைக் கடக்கிற மிதவை) ஏறி இறங்கி அரை நாள் போற இடத்துக்கு இப்ப மோட்டர் சைக்கிள்ல கொஞ்ச நேரம். அதால வயல் எல்லாம் வளவாகுது. இது எனக்குத் தெரிஞ்ச விசயம்தான், ஆனா காணி வாங்கப் போற நேரம் மூளை வேற மாதிரி வேலை செய்யுது.

சேவை எப்பிடி எண்டு கேட்டா, உண்மையச் சொல்லோணும், முதல் நாள் அந்தமாதிரி. வீட்டு வாசலுக்கு ஏசி வான் வந்தது, உள்ளுக்குத் தண்ணிப் போத்தல், பிள்ளைகளுக்கு நெக்டோ. கூட வந்த பெடியன் நல்ல பண்பு, என்னை அண்ணன் எண்டும் மனிசியை அக்கா எண்டும்தான் கதைச்சவன், ஒருக்காலும் அவசரப்படுத்தேல்ல. உறுதி, சேவையர் பிளான், முப்பது வருசத்துக் காணிப் பதிவு எல்லாம் பைல் பண்ணி வச்சிருந்தவங்கள், எங்களுக்குத் தெரிஞ்ச நொத்தாரிஸ் ஒராளுக்குக் காட்டினனான், உறுதியில ஒரு பிழையும் இல்ல எண்டுதான் சொன்னவர். இதுக்கு 5க்கு 5 குடுக்கிறன், கண் மூடிக்கொண்டு.

காணியில இறங்கின இடத்திலதான் கதை.

நாலு ஏக்கர் மட்டில சிவப்புக் கிரவல் போட்டு மட்டம் பண்ணி வச்சிருக்கிறாங்கள், சுத்தவர வயல், நடுவில இது மட்டும் மேசை மாதிரி உயர்ந்து நிக்குது. காத்து பிச்சுக்கொண்டு அடிக்குது, தூரத்தில கொக்கு, மருதமரம், பாக்கிறதுக்குச் சொர்க்கம். மச்சானுக்கு வட்ஸ்அப்பில வீடியோ போட்டுக் காட்டினனாங்கள், பெடியன்தான் போனை வாங்கிச் சுத்திக் காட்டினவன். அவன் ஏன் கிழக்குப் பக்க வேலியைக் காட்டாமல் காட்டினவன் எண்டது எனக்கு அப்ப விளங்கேல்ல. நான் சும்மா ஒண்டுக்குப் போற சாட்டில அந்தப் பக்கம் நடந்தனான். பக்கத்து வயல்க்காரர் போட்ட முள்ளுக்கம்பி வேலி, நாலு இழை, மூண்டாவது இழையில, கிட்டத்தட்ட என்ர இடுப்பு உயரத்தில, காஞ்சு போன ஆத்துவாழையும் (தண்ணியில மிதக்கிற செடி) வைக்கலும் சுத்திக் கிடக்குது. ஒரு இடத்தில இல்ல, வேலி நீளத்துக்கு, ஒரே மட்டத்தில, நூல் பிடிச்ச மாதிரி. பெடியனிட்டக் கேட்டனான், இது என்ன தம்பி எண்டு. "மாடு இழுத்துப் போட்டிருக்கும் அண்ணன்" எண்டான். எந்த மாடு இப்பிடி லெவல் பாத்து இழுக்கும் எண்டு கேக்க வாய் வந்தது, கேக்கேல்ல, நெக்டோ குடிச்ச நன்றி.

அடுத்தது மதகு. மெயின் ரோட்டில இருந்து உள்ளுக்குத் திரும்புற இடத்தில பழைய காலத்து மூண்டு கண் மதகு ஒண்டு இருந்திருக்கு, கல்லுக்கட்டு, பாதி உடைச்சுப் பக்கத்தில குவிச்சுக் கிடக்குது. ஒரு கண் மூண்டடி அகலம் நாலடி உயரம் வரும், மூண்டும் சேத்தா 36 சதுர அடி. டிப்பர் போறதுக்கு எண்டு அதை மூடிப்போட்டு 2 அடி ஹியூம் பைப் (கொங்கிறீற் குழாய்) ரெண்டு போட்டிருக்கிறாங்கள், அது ரெண்டும் சேத்தே ஆறு சதுர அடி சொச்சம்தான். அந்த மதகு கட்டினவன் விசரனில்லத்தானே, மூண்டு கண் வச்சது மூண்டு கண் அளவுக்குத் தண்ணி வந்ததாலதான். இப்ப அந்தத் தண்ணியில ஆறில ஒரு பங்குக்குத்தான் வழி, மிச்சம் எங்க போறது?

இதைப் பெடியனிட்டக் கேட்டோண்ண அவன் சொன்ன பதிலைத்தான் நிறையப் பேர் நம்பியிருக்கினம், நானும் ஒரு காலத்தில நம்பினனான். "அண்ணன், அது அந்தக் காலம். இப்ப மேல விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, மொரகஹகந்த எண்டு எத்தினை டாம் கட்டியாச்சு, இனி இஞ்ச வெள்ளம் வராது." பாதி உண்மை. விக்டோரியாவும் கொத்மலையும் 1985, ரந்தெனிகல 1986, மொரகஹகந்த 2018. இதுகள் வந்தாப் பிறகு சின்னச் சின்ன வெள்ளம் குறைஞ்சதுதான், ஆனா அங்கதான் வில்லங்கம், வருசா வருசம் முழங்கால் மட்டத்துக்கு வந்த தண்ணி வராமல் விட்டோண்ண சனம் ஆத்தை மறந்து கரைக்குக் கிட்டக் கிட்டப் போகுது, ஆனா டாம் நிறைஞ்சிருக்கிற நேரம் பெருமழை பெய்தா கதவைத் திறக்கிறதைத் தவிர வேற வழியில்ல, அப்ப வாறது முழங்கால் தண்ணி இல்ல.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கட கொட்டியாரக் குடாவிலதான் விழுது, ஒரு கிளை பிரிஞ்சு வெருகல் ஆறா அந்தப் பக்கம் போகுது. இலங்கையில கிட்டத்தட்ட ஆறில ஒரு பங்கு நிலத்து மழை இந்த ஆத்துக்குத்தான் வருது. ஹட்டன்ல, நுவரெலியாவில, கண்டியில விழுற தண்ணிக்கு நாங்கள்தான் கடைசி வாசல். மேல என்ன மாறினாலும் கீழ எங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் முதல் கோப்பிக்கு மலையை வெட்டினான், கோப்பி நோய் வந்து அழிஞ்சோண்ண தேயிலை போட்டான், நாடு முழுக்கவே 1956ல 44 வீதம் இருந்த காடு இப்ப 30க்குக் கிட்டத்தான் நிக்குது. வெலிமடப் பக்கம் சரிவில உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடுற மண் உமா ஓயா ஆத்தோட வந்து ரன்தம்பே டாமில படியுது. கண்டிக்குக் கிட்ட இருக்கிற பொல்கொல்ல அணை 1976ல திறந்தது, பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள்ளயே கொள்ளளவில 40 வீதத்துக்கு மேல மண் நிரம்பிட்டுது. மண் நிரம்பினா தண்ணிக்கு இடம் எங்க? கீழ இந்தப் பக்கம் கங்கையில மணல் அள்ளுறது தனிக்கதை, கரை சரியுது, உப்புத்தண்ணி மேல ஏறுது, அதை இதில எழுதினா இண்டைக்கு முடியாது.

ஆனா ஆத்துக்கு இயற்கையாவே ஒரு ஏற்பாடு இருந்தது, அதுதான் வில்லு எண்டுற ஆத்தோரப் பள்ளம். சோமாவதிப் பக்கத்தில இருந்து கீழ ரெண்டு கரையும் வில்லுத்தான், மாரியில ஆறு கரை தாண்டினா அதுக்குள்ள போய்ப் பரந்து நிண்டு கோடையில மெல்ல மெல்ல வடியும், ஆனையும் மாடும் மேயும். மேல அதில கொஞ்சத்தையாவது தேசியப் பூங்கா எண்டு 1984லயும் 1986லயும் காப்பாத்தி வச்சிட்டாங்கள். எங்கட பக்கத்தில அந்த வேலையைச் செய்யிறது பள்ள வயல்தான், அதை ஒருத்தரும் கணக்கில எடுக்கிறேல்ல.

நான் வீட்டை வந்து ஒரு கொப்பியில கணக்குப் பாத்தனான். ஒரு ஏக்கர்ல மூண்டடிக்குக் கிரவல் போடுறதெண்டா 1300 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) வேணும், 3 கியூப் டிப்பர் எண்டா 435 லோட். அந்த ஒரு ஏக்கர்ல மூண்டடிக்கு நிக்க வேண்டிய தண்ணி 37 லட்சம் லீற்றர். உங்கட வீட்டுக் கூரையில வைக்கிற 1000 லீற்றர் கறுத்த டாங்க் இருக்குத்தானே, அதில 3700. நாலு ஏக்கருக்கு 14,800 டாங்க். அவ்வளவும் பக்கத்து வளவுக்குள்ள போகும், வேற எங்க போறது. அந்தக் கிரவலும் சும்மா வரேல்ல, எங்கயோ ஒரு மேட்டை, காட்டோட வழிச்சு வெட்டித்தான் வந்தது. அந்த மேட்டில ஊறி இறங்கின மழை இனிமேல் ஊறாது, ஓடி வரும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினா ரெண்டு பக்கத்தாலயும் அடி.

இவ்வளவும் தெரிஞ்சும் நான் ஒரு லட்சம் அட்வான்ஸ் கட்டினனான். ஏன் எண்டு கேட்டா விலை. அவ்வளவுதான். மனிசிக்கும் விருப்பம், மச்சானுக்கும் விருப்பம். மாமி மட்டும்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டவ, "தம்பி, பக்கத்தில குளக்கட்டு இருக்கோ?" எண்டு. மாமி தம்பலகாமம். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைஞ்ச நேரம் அவவுக்கு முப்பது வயசு, நூறு பேருக்கு மேல செத்தது, குளக்கோட்டு மன்னன் கட்டின குளமெண்டு ஊரே கும்பிட்ட குளம். இண்டைக்கும் இரவில மழை இரைஞ்சா எழும்பி லைட்டைப் போட்டுக்கொண்டு இருப்பா. இல்ல மாமி, குளம் ஒண்டும் இல்ல எண்டு சொன்னனான். ஆறு இருக்கு எண்டு சொல்லேல்ல.

அட்வான்ஸ் கட்டினாப் பிறகு ஒருநாள் நான் தனியா மோட்டர் சைக்கிள்ல போனனான். எதிர்ப்பக்கம் ஒரு வீட்டில வயசான காக்கா (முஸ்லிம் பெரியவர்) ஒராள், முந்தி அந்த வயல்க் கண்டத்துக்கு வட்டவிதானையா, அதாவது வயலுக்குத் தண்ணி பாக்கிற பொறுப்பில, இருந்தவராம், பிளேன்டீ தந்து கதைச்சவர். காணியைக் கேட்டோண்ண சிரிச்சுப்போட்டுச் சொன்னார், "அதுல நாங்க கோடைக்கு மட்டும்தான் வெள்ளாம செய்ற தம்பி. மாரிக்கு வெதச்சா நெல்லு மீனுக்குத்தான்." அவர்ட வீடு கொஞ்சம் மேட்டில, 2011 வெள்ளத்துக்கும் 2014 வெள்ளத்துக்கும் வாசல்ப்படி வரைக்கும்தான் தண்ணி வந்ததாம், உள்ளுக்கு வரேல்லயாம். கமநல சேவை நிலையத்தில போய் அது வயல்க்காணியாப் பதிஞ்சிருக்கோ எண்டு பாருங்க எண்டவர். பாத்தனான், வயல்தான். வயல்க்காணி நிரப்புறதெண்டா 2000ம் ஆண்டு 46ம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி ஆணையாளர் நாயகத்திட எழுத்து மூல அனுமதி இருக்கோணும். கொம்பனியிட்ட அந்தக் கடிதத்தைக் கேட்டன், "அனுப்புறம் சேர்" எண்டாங்கள். அது வரைக்கும் அண்ணன், அதில இருந்து சேர். கடிதம் இண்டைக்கு வரைக்கும் வரேல்ல. உறுதி சரியா இருக்கிறது வேற, காணி நிரப்பினது சரியா இருக்கிறது வேற எண்டு எனக்கு அப்பதான் உறைச்சது, நொத்தாரிஸ் முதல் விசயத்தைத்தான் பாப்பார், ரெண்டாவதை நாங்கள்தான் பாக்கோணும்.

பிறகு கார்த்திகை. டித்வா புயல். நவம்பர் 28ல மலையகத்தில சில இடங்களில ஒரே நாள்ல 300 மில்லிமீற்றருக்கு மேல கொட்டினது, எங்களுக்கு வருசம் முழுக்கப் பெய்யிறதே கிட்டத்தட்ட 1600 தான். நாடு முழுக்க 600 பேருக்கு மேல போய்ச் சேந்தினம், கூடுதலா மண்சரிவில. இஞ்ச புயல் போன பிறகு வானம் கொஞ்சம் வெளிச்சது, சனம் சரி முடிஞ்சுது எண்டு இருக்கேக்கதான் மேல பெய்த தண்ணி பொலன்னறுவைப் பக்கத்து மனம்பிட்டிய தாண்டி வந்தது, 30ந் திகதி மாவிலாறுக் கட்டு உடைஞ்சுது. 2006ல தண்ணியப் பூட்டினதால சண்டை தொடங்கின அதே மாவிலாறு, இந்த முறை தண்ணி தாங்கேலாமல். மூதூர், சேருவில, வெருகல், கிண்ணியா எல்லாம் ரேடியோவிலயும் போனிலயும் அதே கதை, சனத்தை ஹெலியில எல்லாம் ஏத்தினவங்கள். நாங்கள் உவர்மலையில கரண்ட் இல்லாமல் மெழுகுதிரியோட இருந்து கொம்பனிக்குப் போன் எடுத்தன். றிங் போகுது, எடுக்கேல்ல. அடுத்த நாளும் எடுக்கேல்ல.

ரெண்டு கிழமை கழிச்சுப் பாதை சரியாகினாப் பிறகு போய்ப் பாத்தன். கிரவல் ஒரு மூலையில பெரிய வாயாத் திறந்து அப்பிடியே பக்கத்து வயலுக்குள்ள வடிஞ்சு கிடக்குது, வயல்க்காரனுக்கு அந்தப் போகம் போச்சு, அந்தச் சிவப்பு மண்ணை வழிச்சு எடுக்கிறதுக்கு அவன் எத்தினை நாள் மாரடிக்கோணுமோ. எல்லைக் கல் நாலு படுத்துக் கிடக்குது. கொம்பனி போர்டில சேத்து மட்டம் போன் நம்பருக்குக் கீழ சரியா நிக்குது, அதாவது மேட்டுக்கு மேலயும் முழங்காலுக்கு மேல தண்ணி நிண்டிருக்கு. ஹியூம் பைப் ரெண்டும் ஆத்துவாழை, மரக்கொப்பு, ஒரு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் கதிரை எல்லாம் சேந்து அடைச்சு, தக்கை மாதிரி.

காக்காட வீட்டுக்குள்ள சுவரில கோடு கட்டில் மட்டத்துக்கு மேல. 2011ல வாசல்ப்படி. இந்த முறை மழை அப்பிடிப்பட்ட மழை, மாவிலாறும் உடைஞ்சது, அதால எல்லாப் பழியையும் இந்த நாலு ஏக்கரில போட்டா அது நியாயமில்ல, கிரவல் இல்லாட்டியும் அவர்ட வீட்டுக்குள்ள தண்ணி வந்துதான் இருக்கும். ஆனா மற்றப் பக்க வீடுகளில தண்ணி வடிஞ்சு சனம் கூட்டிக் கழுவித் துடைச்ச பிறகும் இவர்ட பக்கம் அஞ்சு நாள் நிண்டிருக்கு. பெடியங்கள் கடைசியில அலவாங்கால குத்திப் பைப்பைத் திறந்தாப் பிறகுதான் இறங்கினதாம். நெல்லு மூட்டை நாலு முளை வந்து கிடந்தது, வெள்ளை வெள்ளையா, மூட்டையிட ஓட்டையால வெளிய எட்டிப் பாத்துக்கொண்டு. கிணறு இறைக்கிற ஆக்கள் வருவாங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர், எனக்கு அந்த நேரமும் பிளேன்டீ தந்தவர், போத்தல் தண்ணியில போட்டு. எனக்கு மூஞ்சை குடுக்கேலாமல் போச்சு, நானும் அந்த மேட்டில வீடு கட்ட வந்தவன்தானே.

அட்வான்ஸ் திருப்பிக் கேட்ட கதை சுருக்கமா. மூண்டு முறை ஒபிசுக்குப் போனன், பண்பான பெடியன் வேற பிராஞ்சுக்குப் போயிட்டானாம், புதுசா இருக்கிற பிள்ளை ஒப்பந்தத்தில சின்ன எழுத்தைக் காட்டுது, வாங்கிறவர் விலகினா டொக்கியுமென்ட் சார்ஜ் 25,000 வெட்டுவாங்களாம். சண்டை பிடிச்சு, கமநலச் சட்டக் கதையை எடுத்த பிறகுதான் 75,000 வந்தது. மிச்சத்துக்கு மனேஜர் கதைப்பாராம்.

அந்தப் பக்கம் காணி பாக்கிற ஆக்களுக்கு, வான் வேண்டாம் எண்டு சொல்லிட்டு உங்கட சைக்கிள்லயே போங்கோ. கொம்பனிக்காரன் இல்லாத நேரம் பக்கத்து வளவு ஆக்களிட்ட மாரிக்கு விதைக்கிறீங்களோ எண்டு மட்டும் கேளுங்கோ, வெள்ளம் வருமோ எண்டு கேக்காதீங்கோ, அதுக்கு எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லுவினம், அவங்களுக்கும் விலை ஏறோணும்தானே. வேலியைப் பாருங்கோ, மதகுக் கண்ணை எண்ணுங்கோ. கூகுள் ஏர்த்தில பழைய வருசப் படங்களைப் பின்னுக்குத் தள்ளிப் பாக்கலாம், நான் அதைக் காசு கட்டின பிறகுதான் பாத்தன், மாரிப் படம் ஒண்டில அந்த நாலு ஏக்கர் இருக்கிற இடத்தில மண்ணிறத் தண்ணியைத் தவிர ஒண்டும் இல்ல. அங்க ஏற்கனவே வீடு கட்டி இருக்கிற ஆக்கள் எண்டா மனம்பிட்டிய நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் போடுது, மாரியில அதைப் பாத்துக்கொண்டே இருங்கோ, இஞ்ச மழை விட்டுட்டுது எண்டு படுக்கப் போகாதீங்கோ, அவசரத்துக்கு 117.

மொத்தத்தில வானுக்கு 5, உறுதிக்கு 5, காணிக்கு 1, போன் எடுக்கிறதுக்கு 0. போன கிழமை அந்தப் பக்கம் போனன், போர்டைக் கழுவித் திரும்பப் பெயின்ட் அடிச்சிருக்கிறாங்கள், ஒரு பேர்ச் இப்ப ஒண்டு ஐம்பது, முதல் இருபது துண்டுக்கு மதில் இலவசமாம். ஹியூம் பைப் அதே ரெண்டுதான். மிச்ச 25,000 வந்தா இதில அப்டேட் பண்ணுறன்.